அப்பா கணக்கில் 2,000 ரூபாய்... அனுப்பம்பட்டு நிலத்தில் யார்?

ஆகஸ்ட் 2, 2025, சனிக்கிழமை. ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மொபைல் சிணுங்கியது. அப்பாவின் வங்கிக் கணக்கில் 2,000 ரூபாய் வரவு. அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் என்றாலே அலர்ஜி என்பதால், போன வருடத்திலிருந்து அவர் கணக்குக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம்.

அது என்ன பணம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாரணாசியில் பிரதமர் பி.எம் கிசான் திட்டத்தின் 20-வது தவணையை விடுவித்த செய்தியைக் கொஞ்ச நேரம் முன்புதான் நானே டைப் செய்து பதிவேற்றியிருந்தேன். 9.7 கோடி விவசாயிகளுக்கு 20,500 கோடி ரூபாய். அந்த 9.7 கோடியில் ஒருவர் எங்கள் வியாசர்பாடி வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பழைய சிவாஜி படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு விவரம் தெரிந்து அவர் மண்வெட்டி பிடித்துப் பார்த்ததில்லை. ஆனால் அனுப்பம்பட்டு பக்கம் தாத்தா விட்டுப்போன ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் அவர் பெயரில் இருக்கிறது. சாகுபடி நிலத்துக்குப் பட்டா இருக்க வேண்டும், அது 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே பெயரில் இருந்திருக்க வேண்டும், வருமான வரி கட்டுபவராகவோ மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பென்ஷன் வாங்குபவராகவோ இருக்கக் கூடாது. அப்பா எல்லாவற்றிலும் பாஸ். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. வருடத்துக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய். முதல் தவணையிலிருந்து வருகிறது. 20 தவணைக்குக் கணக்குப் போட்டால் 40,000 ரூபாய்.

நிலத்தில் பயிர் செய்பவர் வேறு ஒருவர். தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்கு உழும் குடும்பம். அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. 'பழவேற்காடு போய் ஒரு டிராவல் ஸ்டோரி பண்ணிட்டு வா' என்று எடிட்டர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பொன்னேரிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் அனுப்பம்பட்டு. சரி, இறங்கிவிட்டே போவோம்!

புகைபோக்கிகளைத் தாண்டினால் வயல்

பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினேன். இந்த வழித்தடத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் வலது பக்கம் உட்காருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை சுவர்களும் சரக்கு வேகன்களும்தான். எண்ணூர் வந்ததும் காட்சி மாறும். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் கழிமுகம், அதற்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மின்கோபுரங்கள். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். மீஞ்சூர் தாண்டி ஐந்து நிமிடத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் வேறு ஏதோ மாவட்டம் என்பதுபோல பச்சை தெரிய ஆரம்பிக்கிறது. சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் நெல்லா என்று ஒவ்வொரு முறையும் ஆச்சர்யப்படுவேன். சொந்த ஊர்க்காரி ஆச்சர்யப்படுவது கொஞ்சம் கேவலம்தான்.

அனுப்பம்பட்டில் என்னோடு இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூக்கூடையோடு ஒரு அம்மா, அவர் பின்னால் இரண்டு பிள்ளைகள், ஒரு மில் தொழிலாளி. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு, "பழவேற்காடா? அடுத்த ஸ்டேஷன்மா" என்றார். ஊருக்கு வெளியாள் வந்தால் தப்பி இறங்கியவராகத்தான் இருக்கும் என்பது அவர் முடிவு.

பெரியப்பா வயலில் இருந்தார். இந்தப் பக்கம் மூன்று போகம் பெயர் சொல்வார்கள்: சொர்ணவாரி, சம்பா, நவரை. மூன்றையும் எல்லோரும் போடுவதில்லை, தண்ணீர்தான் முடிவு செய்யும். சொர்ணவாரி அறுப்பு முடிந்து தாளடி நின்ற வயலில் அவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் சம்பா நாற்றங்காலுக்காகச் சேறு கட்டியிருந்தது.

"இன்னா கண்ணு, நோம்பியும் அதுவுமா? அப்பா நல்லாக்கீறாரா?"

போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய் கொப்பளிக்கப் போனேன். "குடிச்சிடாதே, உப்பு" என்றார். எனக்கும் தெரியும், ஆனாலும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. மீஞ்சூரைச் சுற்றிய நிலத்தடி நீரை 1960-களின் கடைசியிலிருந்து சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் உறிஞ்சினோம். நன்னீர் இறங்க இறங்க, கடல் நீர் நிலத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூர் பெயரில் காட்டுப்பள்ளிக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீரும் சென்னைக்குத்தான். மழைக்காலத்தில் கிணற்றில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். அதற்கு ஏற்றமாதிரி பெரியப்பா போகத்தைக் குறைப்பார், கூட்டுவார்.

மோட்டாருக்குக் கரன்ட் பில் கிடையாது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தமிழ்நாட்டில் 1990-லிருந்து இருக்கிறது. இணைப்பு இன்னும் தாத்தா பெயரில். அவர் போய்ச் சேர்ந்து 13 வருடம் ஆகிறது.

மூட்டையில் வரும் மானியம்

வரப்பில் உட்கார்ந்து பேசினோம். பக்கத்தில் கிடந்த காலி யூரியா சாக்கைக் காட்டி, "இதுல கவர்மென்ட் பணம் எவ்ளோ இருக்கு தெரியுமா?" என்று கேட்டேன், பெரிய ரிப்போர்ட்டர் மாதிரி. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா. உண்மையான அடக்கவிலை அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை மத்திய அரசு உர நிறுவனங்களுக்கு மானியமாகக் கொடுக்கிறது. கடையில் ஆதார் எண்ணைச் சொல்லி கைநாட்டு வைத்தால் மூட்டை கிடைக்கும்.

"அங்க மட்டும்தான் என் விரலு செல்லுது" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நிலத்துக்கென்று வரும் உதவிகளில் பெரியப்பா பெயரைச் சொல்லி அவர் கைக்கே வருவது யூரியா மூட்டை ஒன்றுதான். பி.எம் கிசானுக்குப் பட்டா வேண்டும். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடச் சிட்டா, அடங்கல் வேண்டும். சிட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும் ஏடு. அடங்கல் என்பது அதில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் ஏடு. இரண்டிலும் அப்பா பெயர்தான் வருகிறது. அதனால் பெரியப்பா பெரும்பாலும் களத்துக்கே வரும் வியாபாரியிடம் அளந்துவிடுகிறார். சன்ன ரகத்துக்கு 2024-25 பருவத்தில் மத்திய அரசு விலையும் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவின்டாலுக்கு 2,450 ரூபாய். வியாபாரி கொடுத்தது எவ்வளவு என்று கேட்டேன். "அத வுடு" என்றார்.

போலி விவசாயிகள் புகுந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை காகிதம். அந்தக் கவலையும் நியாயம்தான். 2020-ல் இதே பி.எம் கிசானில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிந்து, 110 கோடி ரூபாய் வரை போனது தெரியவந்தது. பிறகு பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள், பலரைக் கைது செய்தார்கள். அதற்குப் பின் சரிபார்ப்பு இறுகியது. இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண்ணும் கொடுக்கிறார்கள். அதற்கும் அடிப்படை நில ஆவணம்தான். நிலம் இல்லாமல் விவசாயி என்று பொய் சொன்னவரைத் தடுக்கும் அதே கதவு, நிலம் இல்லாமல் நிஜமாகவே விவசாயம் செய்பவரையும் வெளியே நிறுத்துகிறது. உள்ளே இருப்பது எங்கள் அப்பா.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் ஆரம்பித்தார். கதிர் வரும் நேரம். வயலில் இடுப்பளவுத் தண்ணீர், வடியவே ஒரு வாரம். 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு நிவாரணத்தை ஹெக்டேருக்கு 13,500-லிருந்து 17,000 ரூபாயாக அரசு உயர்த்தியிருந்தது. ஏக்கரில் சொன்னால் 6,900 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்டுக்கு 9,600 சொச்சம். ஆட்கள் வந்து பார்த்தார்கள், எழுதினார்கள், பணமும் வந்தது.

"யார் கணக்குல?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் வரப்பு மண்ணைத் தட்டிச் சரிசெய்துகொண்டே, "உங்கப்பா அஞ்சாயிரம் குடுத்தாரு. குடுக்காத மனுசன் இல்ல" என்றார்.

அப்போது நான் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். வங்கிக் குறுஞ்செய்தி என் போனுக்கு வராத காலம். மீதி 4,600 பற்றி அவர் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் பேசவில்லை. அந்தப் புயலுக்கு அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அது ரேஷன் கார்டுக்கு. அது மட்டும் பெரியப்பா கைக்கு முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது.

கிளம்பும்போது வீட்டுக்குள் போய் ஒரு கவரை எடுத்துவந்தார். உள்ளே கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்த ஒரு பக்கக் கடிதம். மேற்படி நிலத்தில் மேற்படியார் சம்பா சாகுபடி செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவர் பெயரில் அடங்கல் வழங்கலாம். கீழே அப்பா கையெழுத்துக்கு இடம். அது இருந்தால் இந்த முறை பயிர்க் காப்பீட்டை அவர் பெயரிலேயே கட்டிவிடலாம். குத்தகை விவசாயியும் சேரலாம் என்று பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம்தான் பிரீமியம். வழக்கமாக நவம்பர் 15 வரை நேரம்.

"ரெண்டு வருசமா கேக்கலாம்னு... போன்ல எப்படிக் கேக்குறது? நீ பக்குவமா சொல்லு கண்ணு."

ஏரிக்கரையில் வேறொரு பட்டியல்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் புதுத் தாலிக்கயிறோடு இளம் ஜோடிகள், கலந்த சாதப் பாத்திரங்களோடு குடும்பங்கள். ஆடிப்பெருக்குக் கூட்டம்.

வாசகர்களுக்கு முதலில் டிராவல் ஸ்டோரி கடனை அடைத்துவிடுகிறேன். பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் முள்புதர்தான். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களே உங்களை வரவேற்கும். பூநாரை பார்க்க ஆகஸ்ட் சரிப்படாது, டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். 'படகுச் சவாரி போலாமா' என்று யாராவது கூப்பிட்டால் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி இது. பனை ஓலைப் பெட்டி வாங்கலாம், இங்குள்ள இஸ்லாமியப் பெண்கள் பின்னுவது அவ்வளவு நேர்த்தி.

மீன் விற்கும் இடத்துக்குப் போனேன். நண்டு, மடவை, கொஞ்சம் இறால். கெளுத்தி விற்ற ஒரு அக்காவிடம், அரசு உதவியெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். தடைக்காலப் பணம் வந்துவிட்டது என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அதற்கு நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்ட்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் 8,000 ஆக்கினார் முதல்வர் ஸ்டாலின். 61 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். அப்பாவுக்கு வரும் 6,000-ஐ வகுத்தால் நாளைக்கு 16 ரூபாய் சொச்சம். யாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே பட்டா என்று எதுவும் இல்லை, தண்ணீருக்கு யார் பட்டா கொடுப்பது? ஆனால் ஏரிக்குள் அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாமல் சுழன்று வரும். ஆராய்ச்சியாளர்கள் வந்து வியந்து எழுதிவிட்டுப் போன ஏற்பாடு. அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. தலைக்கட்டு என்று கணக்கில் வரும் ஆண்களுக்குத்தான் பங்கு.

கொஞ்சம் தள்ளி ஓர் இருளர் அம்மா கூறு கட்டி இறால் வைத்திருந்தார். பக்கத்தில் பனை ஓலைக் கூடை. இவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் கூடையின் வாரைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அவர் கைவிரல்களைப் பார்த்தேன். முள் குத்திய புள்ளிகள்.

"தடைக்காலப் பணம் வந்துச்சாம்மா?"

"அது கடலுக்குப் போறவங்களுக்கு. நாங்க கையில புடிக்கிறவங்க."

"மீனவர் சங்கத்துல கார்டு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அரைக் கிலோ வாங்கிக்கிறியா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அங்கே நின்று வடக்கே பார்த்தால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் ஆந்திரா. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு 2,000 ரூபாய் வந்த அதே நாளில், அங்கே மாநில அரசு தன் பங்கு 5,000-ஐ சேர்த்து 7,000 ரூபாயாகக் கொடுத்திருந்தது. அன்னதாதா சுகிபவா என்று திட்டத்தின் பெயர். நிலமில்லாத குத்தகை விவசாயிகளையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயிர் செய்பவருக்கென்று 11 மாதம் செல்லுபடியாகும் தனி அட்டை கொடுக்க 2019-ல் சட்டமே போட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் பெரியப்பாவுக்குப் பிரச்னை தீர்ந்திருக்குமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு மொபைலில் தேடிப் படித்தேன். அந்த அட்டைக்கும் நில உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

காலண்டருக்குப் பின்னால்

இரவு ஒன்பது மணிக்கு வீடு. அம்மா இறாலைப் பார்த்ததும் ஊர்வம்பு எதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெயிட்டான புரூஃப் திருத்துவதுபோல வரி வரியாகப் படித்தார். அச்சகக்காரர். 'ஆட்சேபணை'யில் இருந்த எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார்.

"கையெழுத்துப் போடலாம்ல?"

"போடலாம். பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் எறக்க முடியாதும்மா. நாளைக்கு உன் கல்யாணம் காட்சின்னா அந்த நிலம்தான்."

அவர் பயத்தை நான் கிண்டல் செய்ய முடியாது. குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று 1955-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிந்துகொள்ள 1969-ல் இன்னொரு சட்டம். உழுபவரைக் காப்பாற்ற வந்த சட்டங்கள். அவற்றுக்குப் பயந்துதான் பல நிலக்காரர்கள் எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை. குத்தகையெல்லாம் வாய்வார்த்தையாகவே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனில் கேட்டேன். காப்பீட்டுக்காக ஒரு பருவத்துக்கு அடங்கல் வாங்குவதும், அந்தச் சட்டத்தின் கீழ் குத்தகைதாரராகப் பதிவதும் ஒன்றல்ல என்றார். ஆனால் நாளைக்கு வழக்கென்று வந்தால் அந்த அடங்கலையும் கோர்ட்டில் காட்டலாம் என்றும் சொன்னார். இரண்டையும் அப்பாவிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லியிருக்கலாம்.

"புயல் பணத்துல அஞ்சாயிரம்தான் குடுத்தீங்களாப்பா?"

அப்பா டி.வி சத்தத்தைக் குறைத்தார். "அப்போ உன் டிப்ளமாவுக்குக் கடைசி டேர்ம் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்துச்சு" என்றார்.

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "அவருக்கு முட்டிவலி இப்போ எப்படி இருக்காம்?" என்றார். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். கடிதத்தை நான்காக மடித்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகினார். கரன்ட் பில், கேஸ் ரசீது, கல்யாணப் பத்திரிகை என்று எங்கள் வீட்டில் முக்கியமானதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை பெரியப்பா போன் செய்தார். நாற்றங்காலில் விதை விட்டாயிற்றாம். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. இறால் நல்லாருந்துச்சா என்றுதான் கேட்டார்.